வீட்டுப் பந்தலில் கொடிமுந்திரி: வரலாறும் பருவமும்

கொடிமுந்திரி என்பது திராட்சைக்குத் தமிழில் வழங்கிய பழைய பெயர்களுள் ஒன்று. குளிர்நாட்டுக் கொடியான திராட்சை இன்று தமிழகத்தில் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பெரும் பயிராகவும், கோயம்புத்தூர், திண்டுக்கல், கிருஷ்ணகிரி முதலிய பகுதிகளில் தோட்டப் பயிராகவும் விளைகிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் திராட்சைக்குப் பெயர் பெற்ற பகுதி அன்று. இங்கே நிலக்கடலை, நெல், கரும்பு, முந்திரி, பனை ஆகியவையே முதன்மையானவை. ஆயினும் கிணற்றடியிலும் வாசல் பந்தலிலும் மொட்டை மாடியிலும் ஓரிரு திராட்சைக் கொடிகளை வளர்த்துப் பார்க்கும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. பலருக்குக் கொடி செழித்துப் படர்கிறது. ஆனால் பழம் கிடைப்பதில்லை. "திராட்சை நம்ம ஊர் மண்ணுக்கு ஆகாது" என்ற முடிவுக்கு அவர்கள் வருகிறார்கள்.

இம்முடிவு சரியா என்பதைத் திராட்சையின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. திராட்சை தமிழகத்துக்கு வந்த வழியையும், அது இங்கே காய்க்கக் கற்ற முறையையும் பார்த்தால், தடையாக இருந்தது மண் அன்று, பருவமே என்பது தெரியவரும்.

பெயர்கள்

திராட்சை என்ற சொல் 'த்ராக்ஷா' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. முந்திரி, முந்திரிகை, கொடிமுந்திரி என்பவையும் இதே பழத்துக்கு வழங்கிய பெயர்கள். முந்திரிகை என்பதை 'ம்ருத்வீகா' என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்துவர். சித்த மருத்துவத்தில் உலர்ந்த திராட்சையைக் கொடிமுந்திரிப்பழம் என்று குறிப்பிடும் வழக்கு இன்றும் உள்ளது.

போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டு மரம் ஒன்றை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். அதன் கொட்டைக்கும் தமிழில் முந்திரி என்ற பெயர் ஏற்பட்டது. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒன்று கொடிமுந்திரி எனவும் மற்றொன்று மரமுந்திரி எனவும் வழங்கின. நாளடைவில் தமிழ்நாட்டில் முந்திரி என்றால் கொட்டைதான் என்று ஆகிவிட்டது. பண்ருட்டியைச் சுற்றிய முந்திரிக் காடுகள் அருகிலிருக்கும் விழுப்புரம் பகுதியில் வேறு பொருள் தோன்ற வாய்ப்பே இல்லை. மலையாளத்தில் முந்திரி என்பது இன்றும் திராட்சையையே குறிக்கிறது. யாழ்ப்பாணத் தமிழிலும் முந்திரிகை என்றால் திராட்சைதான். கொட்டை தருவது மரமுந்திரிகை. ஆக, தமிழகம் கைவிட்ட பெயரை அண்டைப் பகுதிகள் காத்து வைத்திருக்கின்றன.

பழத்துக்கு முன் வந்த மது

கொடி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதன் சாறு இப்பகுதிக் கடற்கரைக்கு வந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவில், புதுச்சேரியை ஒட்டி அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு அமைந்துள்ளது. 1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். அடுத்து ழான்-மாரி கசால் என்ற பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவும் ஆய்வு செய்தனர். இவ்வாய்வுகளில் இருபுறமும் கைப்பிடி கொண்ட மத்தியதரைக் கடற்பகுதிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் மிகுதியாகக் கிடைத்தன. ஆம்போரா எனப்படும் இச்சாடிகளில் திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீன் ஊறல் ஆகியவை கப்பலில் வந்தன. அவற்றுள் மதுச்சாடிகளே மிகுதி.

இலக்கியச் சான்றும் இதற்கு உண்டு. பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாடல், யவனர் கொண்டுவந்த நறுமணமுள்ள மதுவைக் குறிப்பிடுகிறது. அது அரசன் அருந்திய பொருள். எல்லாருக்கும் கிடைத்தது அன்று.

திண்டிவனம் பகுதியின் அக்கால உணவை அறியச் சிறுபாணாற்றுப்படை உதவுகிறது. இந்நூலின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊர்களுள் ஒன்றான கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊரை இன்றைய மரக்காணத்தோடு அடையாளப்படுத்துவர். அவ்வூரில் பாணர்களுக்குப் பரதவர் முதிர்ந்த கள்ளையும் சுட்ட மீனையும் கொடுத்து உபசரிப்பார்கள் என்று நூல் கூறுகிறது. அந்தக் கள்ளை வடித்தவள் நுளையர் குலப் பெண். அது உள்ளூர்ச் சரக்கு. அக்கம்பக்கத்துத் துறைமுகங்களில் யவன மது இறங்கிக்கொண்டிருந்த காலத்திலும் ஊர் மக்கள் குடித்தது உள்ளூர்க் கள்ளையே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடல் கடந்து மது வந்தது, கொடி வரவில்லை. வந்திருந்தாலும் காய்க்க வைக்கும் முறை அறியப்படவில்லை. அதற்கான காரணம் கொடியின் இயல்பில் இருக்கிறது.

கொடியின் இயல்பு

திராட்சை குளிர்காலம் உள்ள நாடுகளில் தோன்றிய கொடி. அங்கே இலையுதிர் காலத்தில் இலைகளைக் கொட்டிவிட்டுக் கொடி உறங்கும். வசந்தத்தில் மொட்டு விழித்துத் தளிரும், தளிரோடு பூங்கொத்தும் வெளிவரும். கோடையில் காய் முற்றிப் பழுக்கும். அடுத்த ஆண்டுக்கான பூங்கொத்துக் கருவும் அதே கோடையில் மொட்டுக்குள் உருவாகிவிடும். உறக்கத்துக்கும் விழிப்புக்கும் குளிரே மணி அடிக்கிறது.

தமிழகச் சமவெளியில் அந்தக் குளிர் இல்லை. இங்கே கொடி உறங்குவதில்லை. ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். நுனி மட்டும் ஓயாமல் வளரும். நுனி வளர வளரக் கீழ்க்கணுக்களில் உள்ள மொட்டுகள் அடங்கியே கிடக்கும். வீட்டுப் பந்தலில் கொடி செழிப்பாகப் படர்ந்தும் பழம் வராததற்கு இதுவே முதற்காரணம். கொடிக்கு எந்தக் குறையும் இல்லை. எழுப்புவதற்கு யாரும் இல்லாத மொட்டுகள் தூங்குகின்றன.

குளிர் செய்யும் வேலையைக் கத்தி செய்யும். முற்றிய குச்சியை இத்தனை கணு விட்டு வெட்டினால், வெட்டுக்குக் கீழே உள்ள மொட்டுகள் விழித்துக்கொள்ளும். இவ்வாறு வெட்டுவதே கவாத்து. வெப்ப நாட்டில் திராட்சையின் பருவத்தைத் தொடங்கி வைப்பது நாட்காட்டி அன்று, கவாத்துக் கத்திதான். இதைக் கண்டறிந்த பிறகே கொடி தெற்கே வேர் பிடித்தது.

தக்காணத்தில் திராட்சை

இந்தியாவில் திராட்சை பாரசீகம், ஆப்கானிஸ்தான் வழியாக வந்த ஆட்சியாளர்களாலும் வணிகர்களாலும் பரவியது. முகமது பின் துக்ளக் 1327இல் தலைநகரைத் தில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றினார். அதன்பின் அப்பகுதியில் திராட்சைத் தோட்டங்கள் பெருகின. அந்நகருக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அங்கே திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை காய்ப்பதை எழுதியிருக்கிறார். பிறந்த நாட்டில் ஒருமுறை காய்க்கும் கொடி தக்காணத்தில் இருமுறை காய்த்தது என்ற செய்தி முக்கியமானது. குளிர் இல்லாத நாட்டில் கொடியின் பருவத்தை மனிதர் மாற்றியமைக்க முடியும் என்பதற்கு இது பழைய சான்று.

பிற்காலத்தில் ஐதராபாத்தில் அனாப்-எ-ஷாகி என்ற பெரிய வெளிர்நிறத் திராட்சையும், பெங்களூரைச் சுற்றிப் பெங்களூர் நீலம் என்ற கருந்திராட்சையும், மகாராட்டிரத்தில் விதையில்லாத் தாம்சன் இரகமும் புகழ் பெற்றன.

1832: ஒரு ஆண்டும் சில கேள்விகளும்

தமிழகத்தில் திராட்சையின் தொடக்கம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1832ஆம் ஆண்டைக் குறிப்பிடுகின்றனர். மதுரை, சேலம் பகுதிகளில் கிறித்தவ மறைப்பணியாளர்கள் அவ்வாண்டை ஒட்டிக் கொடியை அறிமுகம் செய்தனர் என்பது ஒரு கூற்று. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்பது மற்றொன்று. 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்தச் செய்தி நாளிதழ்களிலும் பரவலாக வந்தது.

பாதிரியார்கள் கொடி நட்டதற்குக் காரணம் எளிது. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை மதுவே பயன்பட வேண்டும். கள்ளோ வேறு பழச்சாறோ கூடாது. கப்பலில் வரும் மது தாமதமாகும், கெடும், விலையும் மிகுதி. உள்ளூரிலேயே கொடி இருந்தால் அந்தக் கவலை இல்லை. மேலும் திராட்சைத் தோட்டம், திராட்சைச் செடி என்ற சொற்கள் விவிலியத்தில் திரும்பத் திரும்ப வருபவை. தரங்கம்பாடியில் 1714-15இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியபோது அதைப் படித்த தமிழர் பலர் கொடியைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

ஆனால் 1832 என்ற ஆண்டை அப்படியே ஏற்பதில் சில சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, பாதிரியார் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பது. மதுரைப் பகுதியோடு நெருங்கிய தொடர்புடைய இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டது. 1814இல் மீண்டும் நிறுவப்பட்டாலும், அச்சபையின் பிரெஞ்சுப் பாதிரியார்கள் புதிய மதுரை மறைப்பணிக்கு வந்தது 1830களின் பிற்பகுதியில்தான். இடைப்பட்ட காலத்தில் தமிழகத்தில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார்கள் பாரிசு அயல்நாட்டு மறைப்பணி சபையினர். அவர்களுடைய தலைமையிடம் புதுச்சேரி. எனவே 1832 என்ற ஆண்டு சரியானால், கொடியைக் கொண்டுவந்தவர் புதுச்சேரிப் பாதிரியாராக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். புதுச்சேரியிலிருந்து சேலம் செல்லும் பாதை விழுப்புரம் வழியாகச் செல்கிறது. இன்று திராட்சைக்குப் பெயர் இல்லாத இவ்வட்டாரம், அன்று கொடி கடந்துபோன வழியாக இருந்திருக்கலாம். இது ஊகமே, ஆனால் ஆண்டும் சபையும் பொருந்தும் ஊகம்.

இரண்டாவது, கொடியின் இரகம். பன்னீர்த் திராட்சை என்று நாம் அழைப்பது உலக அளவில் மஸ்கட் ஹாம்பர்க் என்ற பெயருடையது. வட இந்தியாவில் இதைக் குலாபி என்பர். குலாப் என்றால் ரோசா. பன்னீர் என்றால் ரோசாநீர். இரு மொழிகளும் ஒரே மணத்துக்கு ஒரே பெயரைத் தந்துள்ளன. ரோசா எண்ணெயில் உள்ள ஜெரானியால் என்ற மணப்பொருள் மஸ்கட் வகைத் திராட்சைகளிலும் இருப்பதால் இந்த ஒற்றுமை வியப்பானதன்று. இவ்விரகம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஸ்நோ என்ற தோட்டக்காரரால் உருவாக்கப்பட்டது. அது பெயர் பெற்றுப் பிற நாடுகளுக்குப் பரவியது அதற்கும் பிறகுதான். ஆகவே 1832இல் வந்த கொடியும் இன்றைய பன்னீர்த் திராட்சையும் ஒன்றாக இருக்க முடியாது. பாதிரியார் நட்டது வேறு இரகமாக இருக்க வேண்டும், அல்லது பன்னீர் வந்த ஆண்டு பிற்பட்டதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய பசுமைக்குக் காரணம் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை. அது திறக்கப்பட்டது 1895இல். அதற்கு முன் சில கொடிகள் இருந்திருக்கலாம். இன்று காணும் அளவிலான தோட்டங்கள் இருந்திருக்க முடியாது.

இந்தக் கேள்விகளால் கம்பத்தின் சிறப்பு குறைவதில்லை. ஒரு பாதிரியார், ஒரு ஆண்டு, ஒரு கொடி என்று சுருக்கிச் சொல்லப்படும் கதைக்குப் பின்னால் பல வருகைகளும் பல இரகங்களும் இருந்தன என்பதையே இவை காட்டுகின்றன. பாதிரியாருக்குக் கிடைக்கும் புகழில், வெட்டி வெட்டிப் பார்த்துக் காய்ப்பின் கணக்கைக் கண்டுபிடித்த உழவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களின் பெயர்களைத்தான் எந்த ஆவணமும் சொல்வதில்லை.

குறும்பருவத்தில் பிறந்த இரகம்

பன்னீர்த் திராட்சையின் பிறப்பிடத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது. இங்கிலாந்தில் கோடை குறுகியது, வெப்பமும் குறைவு. திறந்தவெளியில் பல இரகங்கள் பழுப்பதற்குள் குளிர் வந்துவிடும். எனவே செல்வர்களின் தோட்டங்களில் கண்ணாடிக் குடில் கட்டி, சில இடங்களில் வெந்நீர்க் குழாய் ஓடவிட்டு, திராட்சையை வளர்த்தனர். லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நடப்பட்ட ஒரு கொடி இன்றும் கண்ணாடிக் குடிலுக்குள் காய்த்துக்கொண்டிருக்கிறது. அது கருப்பு ஹாம்பர்க் இரகம். அதே இரகத்தை அலெக்சாந்திரியா மஸ்கட் இரகத்தோடு கலந்ததில் பிறந்ததே மஸ்கட் ஹாம்பர்க் என்பதை மரபணு ஆய்வுகள் உறுதி செய்துள்ளன.

பருவம் போதாத நாட்டில், கண்ணாடிக்குள் வளர்ப்பதற்காகப் பிறந்த இரகம், பருவமே முடியாத கம்பம் பள்ளத்தாக்கில் தழைத்தது. அங்கே மலைகள் சூழ்ந்த மிதமான தட்பவெப்பமும் தொடர்ந்த நீர்ப்பாசனமும் உள்ளன. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் அறுவடை நடக்கும். இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை எடுக்கும் முறையும் உண்டு. இந்தியாவின் பிற திராட்சைப் பகுதிகளில் சனவரி முதல் ஏப்ரல் வரையே பெரும்பாலான அறுவடை முடிந்துவிட, கம்பத்தில் ஆண்டு முழுவதும் பழம் வருகிறது. இராயப்பன்பட்டி அருகே ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

விழுப்புரம், திண்டிவனத்தின் பருவம்

கம்பத்தின் முறையை அப்படியே விழுப்புரத்தில் பின்பற்ற இயலாது. இங்கே இடையூறு குளிர் அன்று, மழை.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்து 1993இல் தனி மாவட்டமான விழுப்புரம், வடகிழக்குப் பருவமழையை மிகுதியாகப் பெறும் பகுதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் வரும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூர், புதுச்சேரி கரையைத் தாக்கி முந்திரி, பலா மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடக்கத் தொடங்கிய பெஞ்சல் புயலின்போது திண்டிவனம் அருகே மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை பதிவானது.

மழைக்கால ஈரத்தில் திராட்சை இலையின் அடியில் வெண்பூச்சு போலத் தோன்றுவது அடிச்சாம்பல் நோய். இது தளிரையும் பூங்கொத்தையும் ஒரே வாரத்தில் கருக்கிவிடும். பூக்கும் நேரத்தில் மழை பெய்தால் காய் பிடிக்காது. பழுக்கும் நேரத்தில் பெய்தால் பழம் வெடித்து அழுகும். புரட்டாசியில் கவாத்து செய்தால் ஐப்பசியில் பூ வரும். அது நேராக மழையில் மாட்டிக்கொள்ளும். வீட்டுக் கொடிகள் பல இவ்வாறே தோற்கின்றன.

எனவே இங்கே பழத்துக்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்த மார்கழி இறுதியிலிருந்து கோடை உச்சம் வரை உள்ள நான்கு, நான்கரை மாதங்கள் மட்டுமே. குளிர்நாட்டுத் தோட்டக்காரர் இரு பனிக் காலங்களுக்கு நடுவே அடங்கிய குறும்பருவத்தை எண்ணுவது போல, விழுப்புரத்துக்காரர் மழைக்கும் கோடைக்கும் நடுவே அடங்கிய குறும்பருவத்தை எண்ண வேண்டும். பன்னீர் இரகம் கவாத்திலிருந்து ஏறத்தாழ 120 நாளில் அறுவடைக்கு வரும். இந்த 120 நாளை அந்தக் காலத்துக்குள் பொருத்துவதே முழு வித்தை.

தமிழகத்தில் கோடைப் பயிருக்கு டிசம்பர், சனவரியில் கவாத்து செய்து ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை செய்வது வேளாண் துறையினரின் பரிந்துரை. மே, சூன் மாதங்களில் கவாத்து செய்து ஆகஸ்ட், செப்டம்பரில் எடுப்பது இரண்டாம் பயிர். விழுப்புரம் பகுதி வீட்டுத் தோட்டத்துக்கு முதல் பயிரே உறுதியானது. பொங்கலை ஒட்டிக் கவாத்து, மாசியில் பூவும் பிஞ்சும், சித்திரையில் பழம் என்று இதை நினைவில் வைக்கலாம்.

மகாராட்டிர உழவர்களின் முறையும் இதே கணக்கில் அமைந்தது. அங்கே மழை சூன் முதல் செப்டம்பர் வரை. எனவே ஏப்ரலில் ஒருமுறை வெட்டிக் குச்சிகளை வளரவிட்டு, மழை ஓய்ந்த அக்டோபரில் பழத்துக்காக மறுமுறை வெட்டுகிறார்கள். மழை மாதங்கள் வேறு. வறண்ட காலத்தில் பழம் என்ற விதி ஒன்றே.

யாழ்ப்பாணத்தின் எடுத்துக்காட்டும் இங்கே பொருந்தும். அங்கும் மாரி மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையே. கிணற்று நீரைக் கொண்டு செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல் போடுவது அங்கே தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் அறியப்பட்ட வழக்கம். 'இஸ்ரேல் புளூ' என்ற கருநிற இரகம் அங்கே பரவலானது. விழுப்புரத்தின் தட்பவெப்பத்துக்கு நெருங்கிய எடுத்துக்காட்டைத் தேடுவோர் கம்பத்தைக் காட்டிலும் யாழ்ப்பாணத்தைப் பார்ப்பது பொருத்தம்.

வீட்டுப் பந்தல்

புடலை, பாகல், அவரை, முல்லை ஆகியவற்றுக்குப் பந்தல் போட்டுப் பழகிய ஊர்களில் திராட்சைப் பந்தல் புதிதாகக் கற்க வேண்டியதன்று. வேறுபாடு இரண்டே. திராட்சைப் பந்தல் பல ஆண்டு நிற்க வேண்டும். எனவே மூங்கிலைவிடக் கல்கால் அல்லது இரும்புக் குழாய் நல்லது. திண்டிவனம் பகுதியில் கல் குவாரிகள் மிகுதியாதலால் கல்காலுக்குப் பஞ்சம் இல்லை. இரண்டாவது, நாள் முழுவதும் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். நிழலில் வளரும் குச்சியின் மொட்டுக்குள் பூங்கொத்து உருவாகாது.

ஆனி, ஆடி மாதங்களில் வேர்விட்ட குச்சியை நடுவது வழக்கம். இரண்டடி அகல, ஆழக் குழியில் மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பலாம். தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். களிமண் நிலமாக இருந்தால் மேடு கட்டி நட வேண்டும். ஒரே தண்டை மட்டும் விட்டுப் பக்கக் கிளைகளை ஒடித்து, குச்சியில் கட்டிப் பந்தல் வரை ஏற்ற வேண்டும். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கங்களில் கிளைகள் பிரியும். அவற்றைக் கைகளைப் போல நாலு பக்கமும் பரப்ப வேண்டும். முதல் ஆண்டு பழத்தை எதிர்பார்க்கக் கூடாது. அந்த ஆண்டு கொடியின் கட்டமைப்புக்கே உரியது. ஒன்றரை ஆண்டளவில் முதல் காய்ப்பு வரும்.

பழத்துக்கான கவாத்தில், பென்சில் அளவு தடித்து முற்றிப் பழுப்பு நிறமான குச்சிகளைத் தேர்ந்து, பன்னீர் இரகத்துக்கு நான்கு மொட்டு விட்டு வெட்டுவர். பழைய இலைகளையும் உருவிவிட வேண்டும். வெட்டியபின் உரமிட்டுத் தண்ணீர் விட்டால் இரு வாரத்துக்குள் மொட்டு விழிக்கும். பெருந்தோட்டங்களில் மொட்டு விழிக்க வேதிப்பொருள் தடவுவதுண்டு. அது நச்சுத்தன்மை உடையது, வீட்டுக்குத் தேவையில்லை. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரை நிறுத்தினால் இனிப்பு கூடும். திராட்சை பறித்தபின் பழுக்காது. ஆகவே கொடியிலேயே முழுதும் நிறம் ஏற விட வேண்டும். கிளி, அணில்களிடமிருந்து காக்கக் குலைகளுக்குத் துணிப்பை கட்டுவது எளிய வழி.

அறுவடைக்குப் பிறகு வைகாசியில் ஒன்றிரண்டு மொட்டு மட்டும் விட்டு மீண்டும் வெட்டி, புதிய குச்சிகளை வளரவிட வேண்டும். ஆனி, ஆடி வெயிலில் வளரும் இக்குச்சிகளின் மொட்டுகளில்தான் அடுத்த தையின் பூங்கொத்து உருவாகும். மழைக் காலம் முழுவதும் இந்த இலைகளையும் குச்சிகளையும் நோயிலிருந்து காப்பதே வேலை.

அதற்குப் பயன்படும் பழைய மருந்து போர்டோ கலவை. 1870களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து அடிச்சாம்பல் நோய் பிரான்சுக்குப் பரவி, திராட்சைத் தோட்டங்களை அழித்தது. போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் மில்லார்தே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல் இந்நோயைத் தடுப்பதை ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு என்பது ஒரு சதவீதக் கலவை. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. மழைக்கு முன்பே தெளிக்க வேண்டும். நோய் பரவிய பிறகு தெளிப்பதால் அதிகப் பயன் இல்லை. தெளிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். பழம் உள்ள காலத்தில் இதைத் தவிர்க்க வேண்டும்.

மதிப்பீடு

திண்டிவனத்தில் நீண்டகாலமாக இயங்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை இரகங்கள் 'டி.எம்.வி.' என்ற அடையாளத்தோடு நாடெங்கும் பரவின. நிலக்கடலையும் தென் அமெரிக்காவில் தோன்றி இங்கே வந்த பயிரே. முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது. இவ்வட்டாரத்தின் சொந்தப் பயிர்கள் என்று இன்று கருதப்படுபவற்றுள் பல, ஒரு காலத்தில் அயலிலிருந்து வந்து இங்குள்ள பருவத்துக்குப் பழகியவை.

திராட்சை இங்கே வணிகப் பயிராகாததற்குப் பருவம் குறுகியது என்பதே முதன்மைக் காரணம். ஆண்டுக்கு ஒரே அறுவடை எடுப்பவர், ஆண்டு முழுதும் பழம் அனுப்பும் கம்பத்தோடு சந்தையில் போட்டியிட இயலாது. வீட்டுப் பந்தலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வீட்டுக்கு ஒரு சித்திரையில் சில கூடைப் பழம் போதும். அதற்கு இம்மண்ணும் வெயிலும் தடையில்லை. கடற்கரைக்கு யவனர் சாடிகளில் வந்த பொருளை இன்று வாசல் பந்தலிலேயே விளைவிக்க முடியும். அதற்கு வேண்டியது, தை பிறந்ததும் கத்தியை எடுப்பதும், மழைக்கு முன் மருந்து தெளிப்பதும் ஆகிய இரண்டே பழக்கங்கள்.